மனித உடலின் அசைவு: தசைகளும் எலும்புகளும் இணைந்து இயங்கும் முறை

மனித உடலின் அசைவு என்பது எலும்புகள், மூட்டுகள், தசைகள், நரம்புகள் ஆகிய நான்கும் சேர்ந்து செய்யும் செயல் ஆகும். எலும்பு தானாக அசையாது. தசை தானாகச் சுருங்கினாலும், அது பற்றி இழுக்க ஓர் எலும்பும், அந்த எலும்பு திரும்ப ஒரு மூட்டும் இல்லாவிட்டால் கை உயராது, கால் நகராது. எப்போது, எவ்வளவு சுருங்க வேண்டும் என்ற ஆணை நரம்பு வழியாக வர வேண்டும். இந்த நான்கில் எது குறைந்தாலும் அசைவு கெடும். அசைவு நெடுநாள் நின்றுபோனால் தசையும் எலும்பும் தேயத் தொடங்கும்.

எலும்புக்கூடு

வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 300 ஆகும். குழந்தை வளர வளர மண்டையோடு, முதுகின் அடிப்பகுதி முதலிய இடங்களில் தனித்தனியாக இருந்த எலும்புகள் ஒன்றாக இணைந்துவிடுவதால் எண்ணிக்கை குறைகிறது.

தொடை எலும்பே உடலின் மிக நீளமான எலும்பு. நடுச்செவியில் உள்ள அங்கவடி எலும்பு மிகச் சிறியது. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே. அந்த எலும்புடன் இணைந்திருக்கும் தசையே உடலின் எலும்புத் தசைகளிலும் மிகச் சிறியது. பெரும் ஓசை கேட்கும்போது அது அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து, அதன் அதிர்வைக் குறைக்கிறது.

எலும்பு உயிரற்ற கல் போன்ற பொருள் அன்று. அதில் இரத்தக் குழாய்களும் உயிருள்ள செல்களும் உள்ளன. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, வேறு சில செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இந்த வேலை வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. உடலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் சேமிக்கப்பட்டுள்ளது. தசை சுருங்குவதற்குக் கால்சியம் தேவை. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது, உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. ஆகவே எலும்பு தசைக்குத் தாங்குகோலாகவும் இருக்கிறது, கால்சியச் சேமிப்புக் கிடங்காகவும் இருக்கிறது.

மூட்டுகள்

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு எனப்படும். மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையே உள்ளவை போன்ற சில மூட்டுகள் அசைவதில்லை. அசையும் மூட்டுகளில் முக்கியமானவை பின்வருமாறு:

கீல் மூட்டு: கதவின் கீல் போல ஒரே தளத்தில் மடங்கி நீளும். முழங்கை, விரல் மூட்டுகள் இவ்வகை. முழங்காலும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகிறது.

பந்து கிண்ண மூட்டு: ஓர் எலும்பின் உருண்டைத் தலை மற்றொன்றின் குழியில் பொருந்தியிருக்கும். தோளும் இடுப்பும் இவ்வகை. எல்லாத் திசைகளிலும் திரும்பும்.

முளை மூட்டு: ஓர் எலும்பு மற்றொன்றைச் சுற்றித் திரும்பும். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் இவ்வாறு அமைந்திருப்பதால்தான் தலையை இடமும் வலமும் திருப்ப முடிகிறது.

சேண மூட்டு: குதிரைச் சேணம் போன்ற வடிவம் கொண்டது. கட்டைவிரலின் அடியில் உள்ளது. மற்ற நான்கு விரல்களையும் கட்டைவிரல் எதிர்கொண்டு தொட இதுவே உதவுகிறது. பேனா பிடிப்பதும் பூத் தொடுப்பதும் இதனால் கைகூடுகின்றன.

மூட்டில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையில் உள்ள மூட்டுத் திரவம் உராய்வைக் குறைக்கிறது. எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். பெயர்கள் ஒத்திருப்பதால் மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுவது உண்டு. வில்லின் நாண் இழுப்பதற்கு உரியது. தசைநாணும் இழுப்பதற்கு உரியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தோள் மூட்டையும் இடுப்பு மூட்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். இடுப்பின் குழி ஆழமானது. அதனால் அது உறுதியானது, ஆனால் அசைவு சற்றுக் குறைவு. தோளின் குழி ஆழமற்றது. அதனால் கையை ஏறத்தாழ எல்லாப் பக்கமும் சுழற்றலாம், ஆனால் எளிதில் மூட்டு நழுவும். தோளைச் சுற்றியுள்ள தசைகளே அந்த மூட்டை இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. எனவே தசை அசைப்பதோடு நின்றுவிடாமல், மூட்டைக் காக்கவும் செய்கிறது.

தசை இழுக்கும், தள்ளாது

உடலில் எலும்புத் தசை, இதயத் தசை, மென்தசை என மூவகைத் தசைகள் உள்ளன. இவற்றுள் நம் விருப்பப்படி இயங்குபவை எலும்புத் தசைகள். இவை 600-க்கும் மேற்பட்டவை.

தசையைப் பற்றி அறிய வேண்டிய முதல் விதி எளியது: தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அது ஒரு கயிறு போன்றது. கயிற்றைக் கொண்டு வாளியை இழுக்கலாம். கயிற்றைக் கொண்டு வாளியைத் தள்ள முடியாது. ஆனால் மனிதர் கதவைத் தள்ளுகிறார், வண்டியைத் தள்ளுகிறார். இது எப்படி? தள்ளும்போது மேற்கையின் பின்புறத் தசை முழங்கைக்குப் பின்னால் உள்ள எலும்பு முனையை இழுக்கிறது. அதனால் மடங்கிய கை நீள்கிறது. கதவு தள்ளப்பட்டாலும், உள்ளே நடந்தது இழுப்பே.

இந்த விதியிலிருந்து இரண்டாவது விதி பிறக்கிறது. இழுத்த எலும்பை அதே தசையால் திரும்பத் தள்ள முடியாது என்பதால், எதிர்ப்பக்கம் இழுக்க மற்றொரு தசை வேண்டும். எனவே தசைகள் பெரும்பாலும் எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன.

முழங்கை: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கையின் முன்புறத்தில் இருதலைத் தசை உள்ளது. அதன் மேல்முனை இரண்டு தலைகளாகப் பிரிந்து தோள்பட்டை எலும்பில் பற்றியிருக்கிறது. கீழ்முனை முழங்கையைத் தாண்டி, முன்கையில் உள்ள ஆரை எலும்பில் பற்றியிருக்கிறது. பின்புறத்தில் முத்தலைத் தசை உள்ளது. அதன் கீழ்முனை முழங்கையின் கூர்மையான முனையில் பற்றியிருக்கிறது.

இருதலைத் தசை சுருங்கும்போது முத்தலைத் தசை தளர்கிறது, கை மடங்குகிறது. முத்தலைத் தசை சுருங்கும்போது இருதலைத் தசை தளர்கிறது, கை நீள்கிறது. தசை ஒரு மூட்டைத் தாண்டிச் சென்று அடுத்த எலும்பில் பற்றினால்தான் அந்த மூட்டு அசையும் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

கையை மடக்குவதில் இருதலைத் தசை தனியாக உழைப்பதில்லை. அதன் அடியில் மறைந்திருக்கும் மேற்கைத் தசை முழங்கையை மடக்குவதில் பெரும் பங்கு வகிக்கிறது. இருதலைத் தசைக்கு வேறொரு வேலையும் உண்டு. முழங்கையை மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் இருதலைத் தசையைத் தொட்டுப் பார்க்கலாம். இப்போது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பினால் தசை புடைப்பது தெரியும். வலக்கையால் திருகாணியை முடுக்கும்போது உழைப்பது இந்தத் தசையே.

தசை சுருங்கும் விதம்

ஒரு தசை ஆயிரக்கணக்கான தசைநார்ச் செல்களின் கற்றை ஆகும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் தடித்த மயோசின் இழைகளும் அடுக்கடுக்காக உள்ளன. 1954-ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும் ஒரு குழு. ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொரு குழு. தசை சுருங்கும்போது இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன என்பதே அந்த முடிவு.

நரம்பின் ஆணை வந்தவுடன் செல்லுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மயோசின் இழையின் சிறு தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றி இழுக்கின்றன. கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பதைப் போன்றது இது. இதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது.

பற்றிய பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. தேவை. இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதற்குக் காரணம் இதுதான். ஏ.டி.பி. தீர்ந்துவிடுவதால் மயோசின் தலைகள் பிடித்த பிடியிலேயே நின்றுவிடுகின்றன. தசைச் செல்கள் சிதையத் தொடங்கிய பிறகு விறைப்பு நீங்குகிறது.

நெம்புகோலாக எலும்பு

உடலின் அசைவை இயந்திரவியல் முறையில் விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி போரெல்லி. விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் 1680-81-இல் வெளிவந்தது. எலும்பு நெம்புகோல், மூட்டு அதன் தாங்குபுள்ளி, தசை அதற்குத் தரும் விசை என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தூக்கும் சுமையைவிடத் தசை செலுத்தும் விசை பல மடங்கு பெரியது என்பது அவர் கண்ட முக்கிய உண்மை.

நெம்புகோலின் மூன்று வகைகளும் உடலில் உள்ளன.

முதல் வகை: தாங்குபுள்ளி நடுவில் இருக்கும். தலை கழுத்தின்மேல் இவ்வாறு அமர்ந்துள்ளது. முன்புறம் முகத்தின் எடை கீழே இழுக்க, பின்புறம் கழுத்துத் தசைகள் இழுத்துச் சமன் செய்கின்றன. பேருந்தில் உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை முன்னால் சரிவது, அந்தத் தசைகள் தளர்வதால்தான்.

இரண்டாம் வகை: சுமை நடுவில் இருக்கும். குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கும்போது, முன்பாதம் தாங்குபுள்ளி, கணுக்காலில் உடலின் எடை, குதிகாலில் கெண்டைக்கால் தசையின் இழுப்பு.

மூன்றாம் வகை: விசை நடுவில் இருக்கும். முழங்கை இவ்வகை. உடலில் மிகுதியாக இருப்பதும் இதுவே.

ஒரு சிறு கணக்கு. இருதலைத் தசை முழங்கையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில் பற்றியிருப்பதாகக் கொள்வோம். உள்ளங்கை சுமார் 35 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி 5 கிலோ எடையைப் பிடித்திருந்தால், தசை இழுக்க வேண்டிய அளவு 5 × 35 ÷ 5 = 35 கிலோ எடைக்குச் சமம். முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இது நட்டம் போலத் தோன்றலாம். ஆனால் தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது. விசையில் இழந்ததை உடல் வேகத்திலும் தொலைவிலும் பெற்றுக்கொள்கிறது. பந்து எறிவதும், பறை அடிப்பதும், ஓடுவதும் இந்த ஏற்பாட்டினால் இயல்கின்றன.

முழங்கால் சில்லு இந்த நெம்புகோல் விதியைப் பயன்படுத்தும் மற்றோர் அமைப்பு. அது தொடையின் முன்புறத் தசைநாணுக்குள் பதிந்திருக்கும் எலும்பு. தசைநாணை மூட்டிலிருந்து சற்று விலக்கிப் பிடிப்பதால், அதே இழுப்பு கூடுதல் பயன் தருகிறது.

சுமை தூக்கும்போது முதுகு

இதே கணக்கு முதுகுக்கும் பொருந்தும். முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள், குனிந்து நிமிரும் அச்சிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் உள்ளன. நீர் நிறைந்த 15 கிலோ குடத்தை, உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துக் குனிந்து தூக்கினால், குடத்துக்காக மட்டும் முதுகுத் தசைகள் 15 × 40 ÷ 5 = 120 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். மேலுடலின் எடை இதில் சேரவில்லை. அந்த இழுப்பு முழுவதும் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளை அழுத்துகிறது. குடத்தை உடலை ஒட்டி, 20 சென்டிமீட்டர் தொலைவுக்குள் கொண்டுவந்தால் இது 60 கிலோவாகப் பாதியாகிறது.

முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு சேர்த்து அணைத்து, கால் தசைகளின் வலுவால் எழ வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். தூக்கியபடி இடுப்பைத் திருக்குவது கூடாது. பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

நீண்டபடி இழுக்கும் தசை

தசை வேலை செய்யும்போது எப்போதும் குட்டையாகும் என்று எண்ணுவது தவறு. வாளியைத் தூக்கும்போது தசை குட்டையாகிறது. தூக்கிய வாளியை அசையாமல் பிடித்திருக்கும்போது நீளம் மாறாமல் இழுக்கிறது. வாளியை மெதுவாக இறக்கும்போது, இழுத்தபடியே நீள்கிறது.

மூன்றாவது வகை வேலை தசைக்குக் கடுமையானது. மலைக்கோயிலுக்குச் சென்று வந்தவர்களுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பதற்குப் பெரும் காரணம் இறங்கியதே. ஒவ்வொரு படியிலும் உடல் கீழே விழுந்துவிடாதபடி தொடையின் முன்புறத் தசை நீண்டுகொண்டே தடுத்துப் பிடிக்கிறது. அதில் தசை இழைகளுக்கு நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. இந்த வலி லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. அந்த அமிலம் உழைப்பு நின்ற சிறிது நேரத்தில் நீங்கிவிடும். வலியோ மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மிகும். சேதம் சில நாட்களில் தானே சீராகி, தசை முன்னிலும் உறுதியாகிறது.

நரம்பின் பங்கு

ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தளர வேண்டும். இரண்டும் முழு வலுவுடன் ஒரே நேரத்தில் இழுத்தால் கை அசையாது. ஒன்றுக்கு ஆணை செல்லும்போதே மற்றொன்றின் ஆணை தண்டுவடத்தில் தடுக்கப்படுகிறது என்பதை ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் விளக்கினார். நரம்புச் செல்களின் செயல்பாடுகள் குறித்த ஆய்வுகளுக்காக 1932-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நரம்பு துண்டிக்கப்பட்டாலோ அழிந்தாலோ, தசை முழுமையாக இருந்தும் பயனில்லை. இளம்பிள்ளை வாதத்தில் இதுவே நடக்கிறது. போலியோ வைரஸ் தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்புச் செல்களை அழிக்கிறது. தசை செயலிழந்து மெலிகிறது. தசையின் இழுப்பும் உடலின் பளுவும் இல்லாமல் போவதால், வளரும் குழந்தையின் கால் எலும்பும் மெலிந்து, மற்றக் காலைவிடக் குட்டையாகவே நின்றுவிடுகிறது. தசைக்கும் எலும்புக்கும் உள்ள உறவை இதைவிடத் துயரமாகக் காட்டும் நோய் வேறு இல்லை. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தே இதைச் சாதித்தது.

விரல்களும் வேலூர் அறுவை மருத்துவமும்

விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசைகள் இல்லை. விரல்களை இயக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. முன்கையை மற்றொரு கையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டினால், முன்கைத் தசைகள் அசைவதை உணரலாம். அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளை அடைகின்றன. பொம்மலாட்டத்தில் நூல் இழுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எல்லாத் தசைகளும் விரலிலேயே இருந்திருந்தால் விரல்கள் தடித்து, நுண்ணிய வேலைகளுக்கு உதவாமல் போயிருக்கும்.

தொழுநோயில், நோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் நகம் போல வளைந்து நின்றுவிடுகின்றன. ஆனால் முன்கையின் பல தசைகள் வலுவுடனேயே இருக்கும். இதை உணர்ந்து பயன்படுத்தியவர் மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த இவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவைகளைத் தொடங்கினார். நலமாக உள்ள ஒரு தசையின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையை அது செய்யுமாறு விரலில் இணைப்பது அந்த முறை.

அறுவை முடிந்தவுடன் வேலை முடிவதில்லை. இதுவரை வேறு வேலை செய்துவந்த தசை இனி புதிய வேலையைச் செய்ய வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நெடிய பயிற்சி தேவைப்பட்டது. விரல்கள் மடங்கி நீளத் தொடங்கியபோது, கைத்தொழில் செய்து பிழைக்கும் வழியும் பலருக்குத் திறந்தது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை, வலி உணர்வு இல்லாததால் கவனிக்கப்படாத காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை எடுத்துக்காட்டியதிலும் பிராண்ட் முதன்மையானவர்.

சுளுக்கும் தசைப்பிடிப்பும்

பேச்சு வழக்கில் எல்லா வலியையும் சுளுக்கு என்று சொல்லிவிடுவது உண்டு. கணுக்கால் பிசகி வீங்கினால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் தசைநார். தசையோ தசைநாணோ அளவுக்கு மீறி இழுபட்டால் அது வேறு வகைக் காயம். தசைநாருக்கும் தசைநாணுக்கும் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் இவை மெதுவாகவே ஆறும். புதிதாகப் பிசகி வீங்கிய இடத்தை அழுத்தி நீவினால் உட்காயமும் வீக்கமும் கூடும். ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம், காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை முதல் உதவி. ஊன்றி நிற்க முடியாவிட்டால் எலும்பு முறிவு இருக்கக்கூடும். மருத்துவரை அணுக வேண்டும். நழுவிய தோள் மூட்டைப் பயிற்சி இல்லாதவர் இழுத்துப் பொருத்த முயல்வது, அருகில் உள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் சேதப்படுத்திவிடும்.

பயன்படுத்தினால் வளரும், விட்டால் தேயும்

எலும்பு தன்மீது விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் விளக்கினார். பல ஆண்டுகள் டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையின் எலும்பு, மற்றக் கையின் எலும்பைவிடத் தடிமனாக இருக்கிறது. இதற்கு எதிர்நிலை விண்வெளி வீரர்களுடையது. எடையற்ற நிலையில் பளு இல்லாததால், அவர்களுடைய இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையக்கூடும். இதைத் தடுக்க, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அவர்கள் நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகின்றனர்.

பூமியிலும் நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு இதே இழப்பு நேர்கிறது. ஏறத்தாழ 30 வயதுக்குப் பிறகு தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்குகிறது. 60-ஐக் கடந்தபின் வேகம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைகிறது. கால் தசை மெலிந்தவர் தடுமாறினால் தன்னைப் பிடித்து நிறுத்த முடியாமல் விழுகிறார். எலும்பு மெலிந்திருப்பதால் அந்தச் சிறு விழுதலிலேயே இடுப்பு எலும்பு முறிகிறது. முறிவுக்குப் பின் படுக்கையில் கழியும் வாரங்கள் எஞ்சிய தசையையும் தேய்க்கின்றன. முதியவர்கள் பலர் மீண்டும் எழுந்து நடக்காமல் போவதற்கு இந்தச் சுழற்சியே காரணம். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை செய்தவர்களை, இயன்றால் மறுநாளே எழுப்பி நிற்க வைக்க மருத்துவர்கள் முயல்வதும் இதனால்தான்.

வயதானவர்களுக்கு ஓய்வே நல்லது என்று எண்ணி எல்லா வேலைகளிலிருந்தும் அவர்களை விலக்கி வைப்பது அன்பினால் செய்யும் தவறு. எந்த வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்கி வலுப்பெறும். நடைப்பயிற்சியோடு, தசைக்குப் பளு தரும் பயிற்சியும் தேவை. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் மெதுவாக அமர்வது எளிய பயிற்சி. எழும்போது தொடைத் தசை குட்டையாகி இழுக்கிறது. அமரும்போது நீண்டபடி இழுக்கிறது. தொடக்கத்தில் அருகில் ஒருவர் துணை நிற்க, மூட்டு வலியோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்கலாம். கால்சியத்துக்குப் பால், கேழ்வரகு, கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன். அதை உடல் ஏற்றுக்கொள்ளத் தேவையான வைட்டமின் டி-க்கு வெயில். தசைக்குப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவுகள். இவற்றோடு நாள்தோறும் அசைவும் சேர்ந்தால்தான் உண்ட உணவு எலும்பிலும் தசையிலும் நிலைக்கும்.